நத்தை எண்ணிய வருஷம்

அந்த வருஷம் என் வாழ்க்கை இரண்டு அட்டவணைகளுக்கு நடுவில் ஓடியது. ஒன்று அப்பாவுடையது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பதினொன்றரைக்கெல்லாம் அவரைத் தஞ்சோங் காராங்கில் ரத்தம் கழுவும் டயாலிசிஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட வேண்டும். நாலு மணிக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இன்னொன்று கடலுடையது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் இரண்டு முறை தண்ணீர் நன்றாக வற்றும். எங்கள் பக்கத்தில் அந்த வற்றம் உச்சி வெயில் நேரத்தில்தான் வரும். அப்பாவின் நிலையத்தில் வேறு நேரம் காலியில்லை. கடலிடம் கேட்க முடியாது. அதனால் நான்தான் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தேன்.

நான் அப்போது கடல் அறிவியலில் முதுகலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அப்பா பல வருஷம் எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர், செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரி. இனிப்பு நீர் வியாதி அவருடைய சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. அம்மா அதே எஸ்டேட்டில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறவர். குலையை வெட்டிச் சாய்க்கும்போது சிதறுகிற பழங்களைப் புல்லுக்குள்ளிருந்து பொறுக்கிச் சாக்கில் போடும் வேலை. ஒரே தம்பி சிங்கப்பூரில். தீபாவளிக்கு வருவான். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மாவுக்கு மோட்டார் சைக்கிள் மட்டும் ஓட்டத் தெரியும்.

மானியம் கிடைத்த மின்னஞ்சலை அந்த நிலையத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்தேன். மாணவர்களின் ஆராய்ச்சிக்கென்று ஓர் அறக்கட்டளை வருஷாவருஷம் கொடுக்கும் சின்ன மானியம். சின்னது என்றால் சின்னதுதான். களத்துக்குப் போய்வருகிற எண்ணெய்ச் செலவு, அளக்கிற கருவி, ரப்பர் கையுறை, மாதிரிப் பைகள், அவ்வளவுக்குச் சரியாக இருக்கும். ஆனால் அது இல்லாவிட்டால் என் ஆராய்ச்சியே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா இயந்திரத்தோடு இணைந்து படுத்திருந்தார். கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர் செருப்பைத் தேடினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"மானியம் கெடைச்சிருச்சும்மா."

"எதுக்கு?"

"நத்தை எண்றதுக்கு."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "சிப்புட்டா? பாசார்ல குவிச்சு வச்சு விக்கிறானுங்களே, அதுவா? அத எண்றதுக்குக் காசு குடுக்குறாங்களா?"

"விக்கிறத இல்ல. காட்டுல இருக்கிறத."

"நல்லா குடுத்தாங்க லா," என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிட்டார்.

கோல சிலாங்கூர்க் கரையில் கடலுக்கும் ஊருக்கும் நடுவே சேற்றில் வேரூன்றி நிற்கிற பக்காவ் என்னும் அலையாத்தி மரங்கள் உண்டு. சில இடங்களில் அவை பழைய காடு. சில இடங்களில் அழிந்துபோன பிறகு மறுபடி நட்டவை. அலுவலகத்திலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் பேருந்தில் வருவார்கள், ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு கன்று நடுவார்கள், படம் எடுத்துக்கொண்டு மீன் சாப்பிடப் போய்விடுவார்கள். அப்படி நட்ட மரங்கள் பிழைத்து வளர்ந்தால் அதைக் காடு என்று சொல்லிவிடலாமா என்பதுதான் என் கேள்வி. அதற்கு நான் பிடித்துக்கொண்ட வழி நத்தை. பெரிய நத்தை பக்கத்துக் காட்டிலிருந்து ஊர்ந்து வந்திருக்கலாம். குட்டி நத்தை கடல் தண்ணீரில் வந்து அந்த இடத்திலேயே விழுந்து வளர்ந்தால்தான் உண்டு. ஆகவே நட்ட காட்டில் சின்னது இருக்கிறதா, எத்தனை இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

வேலை சுலபமானது. பி.வி.சி. குழாயில் செய்த சதுரச் சட்டத்தைச் சேற்றின்மேல் வைக்க வேண்டும். அதற்குள் இருக்கும் எல்லா நத்தைகளையும் பொறுக்கி, எண்ணி, நீளம் அளந்து, திரும்ப விட வேண்டும். பழைய காட்டில் பத்துச் சதுரம், நட்ட காட்டில் பத்துச் சதுரம், ஓடையோரத்திலிருந்து கரை வரை வரிசையாக, ஒவ்வொரு இடத்திலும் எண் எழுதிய ஒரு குச்சி. தண்ணீர் ஏறும்போது நத்தைகள் மரத்தில் ஏறிக்கொள்ளும், வற்றினால் இறங்கி வந்து சேற்றில் மேயும். அதனால் வற்றத்தில்தான் எண்ண முடியும். ஒரு வருஷத்துக்கு மாதம் ஒரு வற்றம், ஒரு காட்டுக்கு ஒரு நாள். காகிதத்தில் எழுதும்போது எனக்கே அது சின்ன வேலையாகத்தான் தெரிந்தது.

சேற்றில் குனிந்து ஒரு மணி நேரம் ஆனதும் முதுகு கல்லாகிவிடும். பிறகு கொசு. வியர்வை கண்ணில் இறங்கும், துடைக்கக் கையில் சுத்தமான இடம் இருக்காது. எண்ணி முடித்துக் கரையேறிக் கால் கழுவிக் காரில் உட்காரும்போது நிலையத்திலிருந்து அழைப்பு வரும்: அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, இன்று கொஞ்சம் சீக்கிரம் வந்து கூட்டிக்கொண்டு போங்கள். சேற்று வாடையோடு போய் நிற்பேன். தாதி ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "மீன் பிடிக்கப் போனீங்களா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை.

மூன்றாவது மாதம் அறக்கட்டளை ஒரு பதாகையின் வடிவத்தை அனுப்பியது. அதை அச்சடித்து, களத்தில் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஒரு முனையை நான் பிடித்தால் மறுமுனையை யார் பிடிப்பது? கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் வேறு வேறு கடற்கரைகளில் இருந்தார்கள். அம்மாவைக் கூட்டிப் போனேன். வேலைக்குப் போகும் நீளக்கை சட்டை, தலையில் துண்டு, அதன்மேல் தொப்பி. கைபேசியை ஒரு மரத்தின் கவையில் சாத்தி வைத்துவிட்டு இருவரும் பதாகையைப் பிடித்து நின்றோம். காற்று அடித்து அது அம்மாவின் முகத்தில் சுற்றிக்கொண்டது. ஒன்பது படம் எடுத்தும் ஒன்றில்தான் அறக்கட்டளையின் பெயர் முழுதாகத் தெரிந்தது, அதில் அம்மாவின் கண் மூடியிருந்தது. அதைத்தான் அனுப்பினேன். பிறகு நான் எண்ணுவதை ஒரு மணி நேரம் குடை பிடித்துக்கொண்டு பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார்.

ஆறாவது மாதம் இடைக்கால அறிக்கை அனுப்பினேன். அதில் எனக்கே பெருமையாக இருந்த ஒரு பத்தி இருந்தது. இரண்டு காட்டிலும் ஓடைப் பக்கத்துச் சதுரங்களில் குட்டி நத்தைகள் நிறைய, கரைப் பக்கம் வர வர அவை குறைந்துகொண்டே போகின்றன என்று எழுதியிருந்தேன். ஓடையில் வருகிற தண்ணீர் அவற்றைக் கொண்டுவந்து போடுகிறது என்று காரணமும் சொல்லியிருந்தேன். என் மேற்பார்வையாளர், கண்டிப்பான மலாய்ப் பெண்மணி, பாராட்டு அவர் வாயிலிருந்து லேசில் வராது, அந்தப் பத்திக்குப் பக்கத்தில் 'நன்று' என்று எழுதி அனுப்பினார்.

எட்டாவது மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. கையில் ஊசி ஏற்றுகிற இடத்தில் கிருமி புகுந்துவிட்டது என்று அரசாங்க மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். வார்டில் டாக்டர்கள் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுவார்கள். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு அப்புறம் என்னைப் பார்ப்பார். அதனால் நான்தான் அங்கே இருக்க வேண்டியிருந்தது. அந்த வாரம் அமாவாசை.

"இந்த மாசம் எண்ண வேணாமா?" என்று அம்மா கேட்டார்.

"எண்ணணும்தான். எப்படிம்மா போறது?"

"நீ அப்பாகூட இரு. நான் மோட்டார்ல போய் எடுத்துட்டு வந்துர்றேன். எடம்தான் தெரியுமே."

களைப்பில் நான் யோசிக்கவில்லை. நல்லதுதான் என்று பட்டது. அளக்கும் கருவி அவருக்குப் பழக்கமில்லை என்பதால், ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு பை, பையில் எண், வீட்டுக்குக் கொண்டுவந்தால் நான் அளந்துகொள்கிறேன், மறுநாள் திரும்ப விட்டுவிடலாம் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் வந்துவிட்டார். எழுந்து போகிற அவசரத்தில், "நல்லா பாத்து எடுத்துட்டு வாங்கம்மா," என்று மட்டும் சொன்னேன்.

அம்மா அமாவாசைக்கு விரதம் இருப்பார். விளக்கு வைத்து, காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். இரண்டாம் நாள் சாயங்காலம் இருபது பைகளையும் ஒரு வாளியில் வைத்து மருத்துவமனை வராந்தாவுக்கே கொண்டுவந்துவிட்டார். "கையுறை போட்டுத்தான் தொட்டேன், கவுச்சி படல," என்றார். முகம் வெயிலில் கறுத்து, ஆனால் சந்தோஷமாக இருந்தது.

நான் முதல் பையைப் பிரித்தேன். எல்லாம் பெரிது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, நாலாவது, எல்லாம் ஒரே அளவில், தேய்த்துக் கழுவி, பாசாரில் குவித்து வைத்ததுபோல இருந்தன.

"சின்னதெல்லாம் எங்கம்மா?"

"சின்னத எதுக்குடி எடுக்கணும்? எல்லாம் பிஞ்சு. விட்டுட்டேன், பெருசாகட்டும்னு."

"ஒரு சட்டத்துக்குள்ள பெருசு இவ்வளவு இருக்காதே. எப்படி இவ்வளவு?"

அம்மா குரலைத் தாழ்த்தினார். "சட்டத்துக்குள்ள ரொம்பக் கொறச்சலா இருந்துச்சு. பக்கத்துல இருந்தத நாலஞ்சு சேத்துப் போட்டேன். உனக்குக் கொறையா இருக்கக் கூடாதுல்ல."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மூன்று நாள் தூக்கமில்லை என்று இப்போது சாக்குச் சொல்லலாம். "இத வச்சுக்கிட்டு நான் என்ன செய்றது? இது மொத்தமும் குப்பை. ஒரு மாச வேல குப்பை!"

"நீதானே பாத்து எடுக்கச் சொன்ன?"

"பாத்து எடுங்கன்னா எல்லாத்தையும் எடுங்கன்னு அர்த்தம்!"

உள்ளேயிருந்து அப்பா, "சத்தம் போடாதீங்க, நர்ஸ் பாக்குது," என்றார்.

அம்மா பைகளைத் திரும்ப வாளிக்குள் வரிசையாக வைத்தார், எண் மாறாமல். மறுநாள் காலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் அத்தனையையும் காட்டில் விட்டுவிட்டு வந்தார். எந்தப் பை எந்த இடத்துக்கு என்று பார்த்துத்தான் விட்டாராம். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொன்னார்.

மேற்பார்வையாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அந்த மாதத்தைக் காலியாக விட்டுவிடு," என்றார். "எதனால் என்று ஒரு வரி எழுது. சின்ன மானியத்தில் இப்படி ஓட்டை விழும். அதற்காக அழாதே." நான் அழவில்லை. கொஞ்சம் தூங்கினால் போதும் என்று இருந்தது.

அப்பா வீட்டுக்கு வந்தார். மெலிந்து வந்தார். பழைய அட்டவணை மறுபடி தொடங்கியது. அடுத்த மாதப் பௌர்ணமிக்கு மறுநாள், அப்பாவுக்கு நிலையம் இல்லாத நாள், காரில் சட்டத்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். அம்மா தொப்பியோடு வாசலில் வந்து நின்றார்.

"நானும் வரேன்."

"வேணாம்மா. வெயிலு."

"நேத்து எங்க வேல செஞ்சேன், நெழல்லயா? நீ எடு, நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். எப்படித்தான் எடுக்கணும்னு தெரிஞ்சிக்கிறேன்."

வராந்தாவில் கத்தியதற்கு நான் இன்னும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. அதனால் வேண்டாம் என்று மறுபடி சொல்ல முடியவில்லை.

நட்ட காட்டில் ஓடைப் பக்கத்துச் சதுரத்தில் ஆரம்பித்தேன். பொறுக்கி, எண்ணி, அளந்து, குறித்துக்கொண்டு, சட்டத்தைத் தூக்கப் போனேன். அம்மா கையை நீட்டித் தடுத்தார். "இரு. இன்னும் இருக்கு." குந்தி உட்கார்ந்தார். காய்ந்த இலை ஒன்றைத் திருப்பி அடியிலிருந்து ஒன்று எடுத்தார். வேரின் மடிப்பிலிருந்து ஒன்று. பச்சைப்பயறு அளவுதான் இருக்கும். சேற்றின் நிறத்திலேயே இருந்தது. நான் அதைத் தாண்டித்தான் கை வைத்திருக்கிறேன்.

"பரவாயில்லம்மா, ஒண்ணு ரெண்டு விட்டுப்போறதுதான்," என்றேன்.

இரண்டாவது சதுரத்தில் நான் முடித்த பிறகு அம்மா மூன்று எடுத்தார். மூன்றாவதில் நாலு. ஐந்தாவது சதுரத்துக்கு வந்தபோது வெயில் நேராக உச்சியில் நின்றது. நான் எடுத்த சின்னது இரண்டு. எனக்குப் பிறகு அம்மா எடுத்தது ஒன்பது. ஏழாவதில் நான் எடுத்தது ஒன்றுமே இல்லை. அம்மாவின் உள்ளங்கை நிறைய இருந்தது.

புல்லுக்குள் ஒரு பழம் கிடந்தாலும் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் காட்டிக் கேட்கிற வேலை அம்மாவுடையது. அந்தக் கண் அப்படிப் பழகியிருந்தது. அன்று அதையெல்லாம் நான் நினைக்கவில்லை. ஒரு பக்காவ் வேரின்மேல் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன். எல்லா மாதமும் முதல் மூன்று சதுரத்தில் சின்னது நிறைய. நாலாவதிலிருந்து குறைகிறது. கடைசி மூன்றில் ஒன்றோ இரண்டோ, இல்லாவிட்டால் பூஜ்யம். எல்லா மாதமும் நான் ஓடைப் பக்கத்தில் ஆரம்பித்துக் கரைப் பக்கத்தில் முடித்திருந்தேன், கார் கரைப் பக்கம் நிற்கிறது என்பதால். சதுரங்களை முன்பின்னாக மாற்றி மாற்றி எண்ணுவேன் என்று மானிய விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். முழங்கால் சேற்றில் முன்னும் பின்னும் நடக்க முடியாமல் முதல் மாதமே அதை விட்டுவிட்டேன்.

ஓடை எதையும் கொண்டுவந்து போடவில்லை. நான் அளந்து வைத்திருந்தது என் களைப்பை.

"என்னடி, மயக்கமா வருதா? தண்ணி குடி," என்றார் அம்மா.

குடித்தேன். மீதி மூன்று சதுரத்தையும் முடித்தோம். அம்மாதான் பொறுக்கினார். நான் அளந்து எழுதினேன்.

திரும்பி வரும்போது வயல் வாய்க்காலை ஒட்டிய சாலையில் முன்னால் ஒரு டிராக்டர் ஊர்ந்துகொண்டிருந்தது. முந்திப் போகவில்லை. அதன் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு அம்மாவிடம் சொன்னேன்.

"நான் எண்ணினதும் தப்பும்மா."

"எது?"

"சின்னது எல்லாம். இத்தன மாசமும்."

அம்மா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அன்னிக்கு நான் எடுத்தத குப்பைன்னு சொன்ன."

"ஆமா. என்னதும் குப்பைதான்."

"பெருசு சரியாத்தானே எண்ணியிருக்க?"

"பெருசு சரி."

"அப்ப ஏன் குப்பைங்குற?" என்றார். பிறகு, "அப்பாகிட்ட சொல்லாத. அந்த டயாலிசிஸ் எடத்துல எல்லார்கிட்டயும் எம்மக கடல் ஆராய்ச்சி பண்றான்னு சொல்லி வச்சிருக்காரு," என்றார்.

"அன்னிக்குக் கத்தினது தப்பும்மா," என்றேன். டிராக்டர் சந்துக்குள் திரும்பியதும், "இப்ப போலாம், வழி விட்டுட்டான்," என்றார்.

மறுவாரம் பல்கலைக்கழகத்தில் மேற்பார்வையாளரின் அறையில் நோட்டுப் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு மாதமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து?"

"ஆமாம்."

"எப்போதும் நீ மட்டும்?"

"ஆமாம்."

"நான் நன்று என்று வேறு எழுதினேன்," என்றார். அதில் கோபம் இருந்ததா, அவரும் களைத்துப்போயிருந்தாரா என்று தெரியவில்லை. அவருக்கு என்னைப்போல இன்னும் ஆறு மாணவர்கள். வெளியே ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். "அறக்கட்டளைக்கு எழுது. இடைக்கால அறிக்கையில் அந்தப் பத்தி தவறு என்று சொல்."

"பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா?"

"படிக்கக்கூட மாட்டார்கள். இருந்தாலும் எழுது."

அந்தக் கடிதத்தை எழுத எனக்கு நாலு நாள் ஆனது. பல தடவை எழுதினேன், ஒவ்வொரு தடவையும் தவறு கொஞ்சம் கொஞ்சமாக என்னைவிட்டு விலகி வெயிலின் மேலும் சேற்றின் மேலும் போய் விழுந்தது. கடைசியில் இரண்டே வாக்கியம் வைத்தேன். குட்டி நத்தைகளின் எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல, எண்ணியவர் களைப்பில் அவற்றைத் தவறவிட்டிருக்கிறார். எண்ணியவர் நானே. அனுப்பிவிட்டு ஒரு வாரம் மின்னஞ்சலைத் திறக்கவே பயமாக இருந்தது. பதில் வந்தது. தகவலுக்கு நன்றி, இறுதி அறிக்கையோடு இன்னும் இரண்டு படங்கள் இணைக்க மறக்க வேண்டாம் என்று இருந்தது.

மீதி மாதங்கள் வேறு மாதிரி செய்தோம். காகிதத்தில் எண் எழுதி மடித்து ஒரு தகர டின்னில் போட்டுக் குலுக்கி, வருகிற எண் சதுரத்துக்குப் போவோம். ஒரே சதுரத்தை முதலில் நான், பிறகு அம்மா. அடுத்ததில் முதலில் அம்மா, பிறகு நான். அம்மா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வருவார். முன்னும் பின்னும் நடக்கிற நடையில் முட்டி வலிக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். "இந்தச் சீட்ட எழுதினவன கூப்புடு, அவன் வந்து நடக்கட்டும்," என்பார். ஒருநாள் வியாழனும் வற்றமும் ஒன்றாக வந்தன. அப்பாவை நிலையத்தில் இறக்கிவிட்டு, அங்கிருந்து கரைக்கு வந்ததில் பாதிச் சதுரங்கள்தான் முடிந்தன. தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது. நத்தைகள் மரம் ஏறத் தொடங்கின. எங்களை ஒரு பொருட்டாக மதிக்காமல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அம்மா அவற்றைப் பார்த்து, "வீட்டுக்குப் போவுதுங்க. நாமளும் போவோம்," என்றார்.

கடைசியில் வந்த முடிவு பெரிதாக ஒன்றும் இல்லை. பெரிய நத்தைகள் இரண்டு காட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. நட்ட காட்டில் சின்னது இருக்கிறது, பழைய காட்டைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பதுபோலத் தெரிகிறது, ஆனால் நாலு மாத எண்ணிக்கையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படித்தான் எழுதினேன். ஓடையைப் பற்றிய பத்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எண்ணுகிறவரின் களைப்பைப் பற்றி அரைப்பக்கம் வைத்தேன்.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் எட்டாவது மாதம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பைகளை வைத்திருந்தால், பொறுக்குகிற மனிதர்கள் எந்த அளவு நத்தையை எடுக்கிறார்கள் என்று தெரிந்திருக்குமே, சுவாரசியமாக இருந்திருக்கும்," என்றார். ஆமாம் என்றேன். அந்த வருஷத்தில் எத்தனையோ விஷயங்கள் சுவாரசியமாக இருந்திருக்கலாம். எனக்கு அந்த அறையின் குளிரில் கண் சொக்கிக்கொண்டு வந்தது.

"இரண்டாவதாக எண்ணியவர் பயிற்சி பெற்றவரா?" என்று இன்னொருவர் கேட்டார்.

"ஆமாம்," என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

நிறையத் திருத்தங்களோடு தேர்ச்சி கொடுத்தார்கள். திருத்தி முடிக்க ஐந்து மாதம் ஆனது. அப்பா இப்போதும் வாரம் மூன்று நாள் போய்வருகிறார். காலை நேரத்தில் ஓர் இடம் காலியானது, அதற்கு மாற்றிக்கொண்டோம். யாருடைய இடம் எப்படிக் காலியானது என்று நாங்கள் கேட்கவில்லை. எனக்கு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் கழிவுநீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. குளிர்சாதன அறை. உட்கார்ந்து செய்கிற வேலை. போகவர மூன்று மணி நேரம். அங்கேயும் எல்லா மாதிரியையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆள் போதாத நாளில் ஒருவரே இரண்டு கையெழுத்தும் போடச் சொல்வார்கள். நான் போடுவதில்லை. அதனால் என்னை அங்கே யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது.

போன மாதம் ஒரு மாணவி கூப்பிட்டாள். அதே மானியம் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. என் சதுரங்கள் இருந்த இடத்தில் அவள் நண்டு எண்ணப்போகிறாள். மேற்பார்வையாளர் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். குரலில் அவ்வளவு உற்சாகம். "அக்கா, ஒருநாள் வந்து எடம் காட்ட முடியுமா? உங்க அம்மா வந்தாலும் சரிக்கா, டீச்சர் சொன்னாங்க, ஆன்ட்டிக்குத்தான் நல்லா தெரியும்னு."

அம்மா பக்கத்தில் கட்டிலில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கைபேசியை மூடிக்கொண்டு கேட்டேன்.

"முடியாதுன்னு சொல்லு," என்றார். "முட்டி வீங்கிக் கெடக்கு. அந்தச் சேத்துல எறங்குனா நான் ஏற மாட்டேன்."

சொன்னேன். எனக்கும் சனிக்கிழமை ஓவர்டைம் என்று சொன்னேன். நட்ட காட்டின் கடல் பக்கத்து மரங்கள் பாதி சாய்ந்துவிட்டன என்று கேள்விப்பட்டிருந்தேன், அதையும் சொன்னேன். வரைபடத்தில் இடத்தைக் குறித்து அனுப்புகிறேன் என்றேன். அவள், வேறு ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறதா என்று கேட்டாள். எதைச் சொல்வது என்று யோசித்தேன்.

"நீள பூட்ஸ் வாங்காத," என்றேன். "சேறு உள்ள போயிரும், கால எடுக்க முடியாது. எஸ்டேட்டுக்காரங்க போடுற கறுப்பு ரப்பர் சப்பாத்து கோல சிலாங்கூர் டவுன்லயே கெடைக்கும். ஒரு சைஸ் சின்னதா வாங்கு, இறுக்கமா இருந்தாத்தான் சேத்துல கழண்டு வராது."

அவள் அதை எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.